பேட்டரி புதிது, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை: நெகட்டிவ் கேபிளை மாற்றிய அனுபவம்

பேட்டரி மாற்றி அதிக நாள் ஆகாத நிலையிலேயே என் கார் காலை நேரங்களில் செல்ஃப் எடுக்கத் திணறத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும். சில நேரங்களில் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடும். ஹெட்லைட்டும் ஹார்னும் மட்டும் எந்தக் குறையுமின்றி வேலை செய்தன. இதைக் கேள்விப்பட்டவர்களில் சிலர் பேட்டரியைக் குறை சொன்னார்கள், சிலர் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டுமே செலவு வைக்கும் வேலைகள் என்பதால், எதையும் மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரவு முழுவதும் நின்றிருந்த காரில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 12.6 வோல்ட் இருந்தது. முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி காட்ட வேண்டிய அளவு இதுதான். ஆனால், சுமை இல்லாதபோது நல்ல அளவைக் காட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது தளர்ந்துபோகும் பேட்டரிகளும் உண்டு. எனவே எஞ்சின் ஓடத் தொடங்கிவிடாமல் இருக்க எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வீட்டிலிருந்த ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டிருந்தபோதும் பேட்டரியின் முனைகளில் 11 வோல்ட் நின்றது. பேட்டரியின் மீது இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

அடுத்து, மின்சாரம் வழியில் எங்கே தடைபடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கம்பத்திலும், மறு முனையை ஸ்டார்ட்டர் மோட்டாரில் பாசிட்டிவ் கேபிள் சேரும் போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்பியபோது கிடைத்த அளவு 0.2 வோல்ட். இது வழியில் வீணாகும் வோல்ட்டின் அளவு. இவ்வளவு சிறிதாக இருந்ததால் அந்தப் பக்கத்தில் குறையில்லை. அதேபோல நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சினின் வெறும் உலோகப் பகுதிக்கும் இடையே அளந்தபோது 1.3 வோல்ட் வந்தது. நல்ல நிலையில் உள்ள எர்த் கேபிளில், அதாவது நெகட்டிவ் கேபிளில், இது 0.2 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு அதே பாதையைத் துண்டு துண்டாக அளந்தேன்: கம்பத்துக்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றுமில்லை, பாடியில் போல்ட் பூட்டிய இடத்தில் சிறிதளவு, மீதி அனைத்தும் கிளாம்புக்கும் கேபிளின் மறு முனைக்கும் இடையே கிடந்தது.

ஹெட்லைட் ஒழுங்காக எரிந்ததன் காரணமும் இதில் விளங்கிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறக்குறைய 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாதையில் வெறும் 0.01 ஓம் தடை கூடினாலே 1.5 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். இரண்டு ஹெட்லைட்டுகளும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவுதான் எடுக்கும். அதே தடையில் அவை இழப்பது 0.1 வோல்ட் மட்டுமே என்பதால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. விளக்கு எரிகிறதே, ஆகவே கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழையானது என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

பார்வைக்கு அந்தக் கேபிளில் குறை எதுவும் தெரியவில்லை. கிளாம்புக்கு அருகே விரல் அகலத்துக்கு மேலுறை சற்றுப் புடைத்திருந்தது. அந்த இடத்தை வளைத்தபோது உள்ளே நறநறவென்று ஓசை கேட்டது. கழற்றிய பிறகு கத்தியால் உறையைக் கீறிப் பார்த்தேன். செம்பு இழைகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பச்சைப் பொடி உதிர்ந்தது, எஞ்சிய இழைகள் நகத்தால் தொட்டாலே முறிந்தன. பேட்டரியின் அமில ஆவியும் ஈரமும் கிளாம்பின் வாயிலாக உள்ளே நுழைந்து, உறைக்கு அடியில் இழைகளின் வழியே ஊர்ந்து சென்று செம்பை அரித்திருக்கின்றன. சற்றுத் தள்ளி உறையைக் கீறியபோது செம்பு பளபளவென்று இருந்தது.

என் கார் மாடலுக்கென்றே தயாராகும் கேபிள் உடனடியாகக் கிடைக்காததால், அதே நீளத்தில் ஒன்றைச் செய்து வாங்கினேன். பழைய கேபிளின் குறுக்குவெட்டு 25 சதுர மில்லிமீட்டர். புதியதை 35 சதுர மில்லிமீட்டராகத் தேர்ந்தெடுத்தேன். தடிமன் கூடுவதால் தீங்கில்லை, குறைவதுதான் ஆபத்து. வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பது அவசியம். வெளியே செம்புப் பூச்சும் உள்ளே அலுமினியமும் கொண்ட கேபிள்கள் பார்வைக்கு அசல் செம்பு போலவே இருக்கும், ஆனால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்பதால், அதே தடிமனில் அது இந்த வேலைக்குப் போதாது. முனையில் போல்ட்டுக்குள் மாட்டும் உலோக வளையங்களான லக்குகளை ஹைட்ராலிக் கருவியால் அழுத்திப் பொருத்தி, உட்புறம் பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடித் தரும்படி கேட்டுக்கொண்டேன். வெறும் ஈயப் பற்று வைத்தால் அது இழைகளுக்குள் ஊறி கேபிளை விறைப்பாக்கிவிடும். எஞ்சின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே இழைகள் முறியும். இரண்டு போல்ட்டுகளால் கேபிளை நசுக்கிப் பிடிக்கும் மலிவான கிளாம்புகள் அவசரத்துக்கு உதவலாம். செம்பைத் திறந்தபடியே அமில ஆவியில் விட்டுவைக்கும் அவற்றை நிரந்தரமாகப் பொருத்துவதை நான் ஏற்பதில்லை.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. காரின் பாடி முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவ் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அருகில் இருந்தால் வெடிக்கவும் கூடும். நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கிவிட்டால் அந்தப் பாதையே இல்லாமல் போகும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, சாவியை எடுத்துச் சில நிமிடங்கள் கழித்தே கிளாம்பைத் தொட்டேன்.

கிளாம்ப் வெண்பொடி படிந்து இறுகியிருந்தது. அதைச் சுத்தியலால் தட்டக் கூடாது. ஈயக் கம்பம் ஆட்டம் கண்டால் பேட்டரியே வீணாகிவிடும். தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவைத் தூரிகையால் தடவி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கிளாம்பின் வாயை மெல்ல விரித்ததும் அது கையோடு வந்துவிட்டது. அந்தக் கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது பாடியில் போல்ட் பூட்டும் இடத்தில்தான். லக்குக்கு அடியில் துருவும் பெயின்ட்டும் கலந்த ஒரு படலம் இருந்தது. உலோகம் வெண்மையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டுப் பூட்டினேன். கியர்பாக்ஸ் பக்கம் சேரும் கிளை முனைக்கும் அதையே செய்தேன். புதிய கேபிளின் பயன் முழுவதும் இந்தத் தொடுபரப்புகளைச் சார்ந்தது. இங்கே துரு இருந்தால் எத்தனை தடித்த செம்பும் உதவாது. கேபிளை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் விலக்கி, பழைய கிளிப்புகளிலேயே செருகினேன். எஞ்சின் அதன் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் அசைவதால் சிறிது தொய்வு விட்டேன். கடைசியாக நெகட்டிவ் கிளாம்பைக் கம்பத்தின் அடிவரை இறக்கி, கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். கிளாம்ப் கம்பத்தைத் தொட்டபோது எழுந்த சிறு பொறி இயல்பானது.

மீண்டும் அளந்தபோது நெகட்டிவ் பக்க இழப்பு 0.15 வோல்ட்டாகக் குறைந்திருந்தது. எரிபொருள் ஃபியூஸைத் திரும்பச் செருகிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஓடும்போது பேட்டரியில் 14.2 வோல்ட் வந்ததால் ஆல்டர்னேட்டரும் சரியாகச் சார்ஜ் செய்கிறது என்று தெரிந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் கடிகாரத்தைச் சரிசெய்யவும், ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றத்துக்குச் சுவிட்சை அழுத்திப் பிடித்து மறுபடி பழக்கவும் வேண்டியிருந்தது. முதல் ஓட்டத்தில் ஐட்லிங் சற்று ஏறி இறங்கிப் பின் தானாகவே நிலைபெற்றது. ஒரு நெடும் பயணத்துக்குப் பிறகு மூன்று போல்ட்டுகளையும் மீண்டும் ஸ்பேனர் வைத்துச் சோதித்தேன். பாடியிலிருந்த ஒன்று மட்டும் கால் சுற்று இறுகியது.