காரவன் வானின் உடைந்த ஸ்பிரிங்

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டை முடித்துக்கொண்டு, எட்டுப் பேரையும் அவர்களது மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி ஏ9 வீதி வழியாக வெள்ளவத்தைக்குத் திரும்பிய மறுநாள் காலையில்தான், எங்கள் பழைய நிசான் காரவன் இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் கண்டேன். டயரில் காற்றுக் குறையவில்லை. பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளவுநாடா பிடித்துப் பார்த்தபோது, வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் 4 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. பாயை விரித்து வானுக்கடியில் படுத்து டோர்ச் அடித்தேன்; லீஃப் ஸ்பிரிங்கின் இரண்டாவது தகடு நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

வீட்டில் எல்லோரும் பழியைச் சுமையின் மீதே போட்டார்கள். மாமி கட்டிக்கொடுத்த ஒடியல் மூட்டையும் மாம்பழப் பெட்டிகளும்தான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. தகடு முறிந்த இடம் வேறு கதை சொன்னது.

இந்த வானின் பின்பக்க ஸ்பிரிங், ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிய தகடுகளால் ஆனது. நடுவில் துளையிட்டு ஒரு சென்டர் போல்ட் எல்லாத் தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த அடுக்கை அச்சோடு இறுக்கிக் கட்டுபவை இரண்டு யூ போல்ட்கள். அவை இறுக்கமாக இருக்கும்வரை நடுப்பகுதி வளைவதே இல்லை, வளைவெல்லாம் இரு கைகளிலும்தான். அவை தளர்ந்துவிட்டால், துளையிட்டதால் ஏற்கெனவே மெலிந்துபோன நடுப்பகுதியும் ஒவ்வொரு குழிக்கும் வளைந்து நிமிரத் தொடங்கும். என் தகடு மிகச் சரியாக அந்தத் துளையின் குறுக்கேதான் முறிந்திருந்தது.

கழற்றி எடுத்த துண்டை வெயிலில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கருஞ்சிவப்பாகத் துருவேறியிருக்க, மிச்சப் பகுதி மட்டும் உடைத்த கற்கண்டைப் போல மணிமணியாக மின்னியது. துருவேறிய பகுதி மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவிய வெடிப்பு. மின்னிய பகுதிதான் கடைசிப் பயணத்தில் போனது. கடற்கரையோர வீதியான மரைன் டிரைவுக்கு அருகில் வான் நிறுத்துபவர்களுக்கு உப்புக்காற்று செய்யும் வேலையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், முந்தைய ஆண்டு ஸ்பிரிங் முனைகளிலுள்ள றப்பர் உருளைகளான புஷ்களை மாற்றிக் கொடுத்த கராஜில் யூ போல்ட்களைச் சரியாக இறுக்காமல் விட்டதே மூலகாரணம் என்பது என் முடிவு.

பக்கத்து வீட்டு அண்ணன், வெல்டிங் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். ஸ்பிரிங் உருக்கை ஒட்டக்கூடாது. சூடாக்கி, தணித்து, மீண்டும் அளவாகச் சூடுகாட்டிப் பெற்ற பதம் வெல்டிங் வெப்பத்தில் கெட்டுவிடும். ஒட்டிய இடத்தை ஒட்டியே கண்ணாடிபோல் நொறுங்கும் பகுதி ஒன்று உருவாகி, அடுத்த முறிவு அங்கேயே நிகழும்.

ஆகவே கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வானைப் பேணுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போன என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தெரு பழக்கமானது. கடைக்கார நானா, உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மத்தப் பக்கம் சாயும், ரெண்டையும் எடுங்க" என்றார். வியாபாரப் பேச்சாக இருந்தாலும் சொன்னது சரியே. நீளம், அகலம், தடிப்பு, தகடுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்பிட்டு இரு பக்கங்களுக்கும் முழு ஸ்பிரிங் வாங்கினேன். யூ போல்ட்களையும் புதிதாகவே எடுத்தேன். ஒருமுறை இழுபட்டவற்றை மீண்டும் நம்புவது வீண் சிக்கனம்.

பொருத்தும்போது, சட்டகத்துக்கடியில் ஸ்டாண்ட் வைத்து, அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்துக்கடியில் நுழைபவர்களை இன்னமும் காண்கிறேன். சென்டர் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமர்ந்ததைக் கையால் தடவி உறுதிசெய்த பின்னரே, யூ போல்ட் நட்களை மாறிமாறிக் குறுக்காக இறுக்கினோம். ஸ்பிரிங்கின் முன்முனை போல்ட்டையும், பின்முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் ஷக்கிளையும் வான் தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் றப்பர் புஷ் முறுக்கேறியபடியே வேலைசெய்து விரைவில் கிழியும். துருவுக்கு மருந்தென்று கழிவு எண்ணெயைப் பூச மெக்கானிக் பாஸ் முன்வந்தார், நான் மறுத்தேன். எண்ணெய் பட்ட றப்பர் ஊதிப் பதம் கெடும்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் வானுக்கடியில் படுத்தேன். புதிய தகடுகள் ஒன்றோடொன்று படிந்துவிட்டிருந்தன. இடப்பக்க யூ போல்ட் நட்கள் நான்கும் இன்னும் கால் சுற்று இறங்கின.