கூப்பிட்டவுடன் வந்தவர்

"நான் இன்னிக்கு வராமலே இருந்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

நுகர்வோர் புகார்களைப் பேசித் தீர்க்கிற எங்கள் அரசு அலுவலகத்தில், சமரசத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மெக்கானிக் இதைக் கேட்டார். குரலில் கோபமில்லை. பேச்சுவார்த்தை முடியும்வரை என்னை 'மேடம்' என்றே அழைத்தவர், புகார் கொடுத்த ஆன்ட்டி எழுந்து வெளியே போனதும் தமிழுக்கு மாறி, வயதில் சின்னவளிடம் பேசுவது மாதிரி இயல்பாகக் கேட்டார். "வந்தது நல்லதாப் போச்சு அண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது பதிலே இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

விஷயம் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். வீட்டுக் காரேஜிலேயே ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக், பழைய டொயோட்டா டாஸ் ஒன்று, வேலைக்குப் பிறகு வந்த பில். ஆன்ட்டி துணி ஃபேக்டரியில் தைத்து ஓய்வு பெற்றவர். கார் சூடேறுகிறது என்று கொண்டுபோய் விட்டார். ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு, போயிருக்கும், 4,500 ராண்ட் ஆகும் என்றார் மெக்கானிக். வாய்ப்பேச்சுதான், தாள் எதுவும் இல்லை. ஆன்ட்டி அந்தப் பணத்தை அன்றே கொடுத்துவிட்டார். ஹெட்டைக் கழற்றி இன்ஜினியரிங் ஷாப்புக்கு அனுப்பிப் பிரஷர் டெஸ்ட் போட்டால், வளைந்தது மட்டுமல்ல, விரிசலும் விட்டிருந்ததாம். ஸ்க்ராப்யார்டில் வேறு ஹெட் தேடி வாங்கி மாட்டினார். நடந்தது 2023இல். லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு மோசமாக இருந்த வருடம், இன்ஜினியரிங் ஷாப்பில் வேலை நகரவே இல்லை. கடைசியில் பில் 11,800. மிச்சத்தைக் கொடுத்தால்தான் சாவி என்றார்.

அந்த வருடம் முதியோர் உதவித்தொகை மாதத்துக்கு ஏறக்குறைய 2,080 ராண்ட். அந்த பில் ஐந்து மாதப் பணத்துக்கு மேல். ஆன்ட்டியின் கோபத்தைப் பற்றி எனக்கு இன்றும் எந்தச் சந்தேகமும் இல்லை.

நடுவில் போன் செய்து சொன்னேன் என்றார் மெக்கானிக். "செய்யுங்க தம்பின்னு அவங்கதான் சொன்னாங்க." ஆன்ட்டி அதை மறுக்கவில்லை. "கொஞ்சம் கூட ஆகும்னாரு. கொஞ்சம்னா ஐநூறு, ஆயிரம்னு நெனச்சேன். தெரிஞ்ச பையன், காவடியில வருசா வருசம் பாக்குறவன், தொகையை எப்படிக் கேக்கறது?" இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. புகார்க் கோப்புகளில் இது அபூர்வம்.

சட்டம் இந்த இடத்தில் தடுமாறவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ரிப்பேருக்காக ஒரு பொருளைக் கையில் வாங்கிக்கொண்டவர் முதலில் மதிப்பீடு கொடுத்து, வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெற்ற பிறகுதான் காசு கேட்கலாம் என்கிறது. வேலையின் மதிப்பு ஒரு ராண்டைத் தாண்டினாலே இது பொருந்தும். மதிப்பீட்டைத் தாண்டிச் செலவாகும் என்றால் கூடுதல் தொகை எவ்வளவு என்று சொல்லி மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். 'கொஞ்சம்' என்பது தொகை ஆகாது. அடுத்து 67ஆம் பிரிவு: கழற்றிய பழைய பாகங்களை மற்ற வண்டிகளின் பாகங்களோடு கலக்காமல் வைத்திருந்து, ஓரளவு சுத்தமான பெட்டியிலோ பையிலோ திருப்பிக் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளரே வேண்டாம் என்றால் ஒழிய. இவர் பழைய ஹெட்டை இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். ஆக, விரிசல் இருந்ததற்கும் சாட்சி இல்லை.

ஹெட்டைக் கழற்றாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் அதையும் யோசித்திருக்கிறது. கழற்றிப் பார்ப்பதற்கே இவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லி, வாடிக்கையாளர் சரி என்றால் அதற்கும் காசு வாங்கலாம். இதை விளக்கினேன். சிரித்தார். "கழட்டிப் பாக்கவே காசுன்னு சொன்னா ஆன்ட்டி பக்கத்துத் தெருவுக்குப் போயிடுவாங்க மேடம். அவன் சும்மாவே கழட்டுவான். அப்புறம் என்ன செய்வான்னு உங்களுக்கே தெரியும்."

பிரிவு பிரிவாக நான் சொல்லச் சொல்ல அவர் சுருங்கிக்கொண்டே போனதைப் பார்த்தேன். எதிர்த்து வாதாடவில்லை, வக்கீலை வைத்துப் பேசுகிறேன் என்று மிரட்டவும் இல்லை. பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். இன்ஜினியரிங் ஷாப்புக்கு 1,900. கேஸ்கட் செட், தெர்மோஸ்டாட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 1,600. ஹெட்டுக்கு 3,200 கொடுத்தாராம், அதற்குச் சீட்டு இல்லை. ஸ்க்ராப்யார்டில் யார் சீட்டுத் தருகிறார்கள்? மொத்தம் 7,000 என்று முடிந்தது. ஆன்ட்டி மீதி 2,500ஐ இரண்டு தவணையாகக் கொடுப்பார், கார் அன்றே திரும்பும், பொருத்திய பாகங்களுக்கும் கூலிக்கும் 57ஆம் பிரிவு சொல்கிற மூன்று மாத உத்தரவாதத்தை அவர் எழுதிக் கொடுப்பார்.

கணக்குப் போட்டால் அவருடைய கைக்கூலி முன்னூறு ராண்ட். அதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று மாலை நான்தான் கூட்டிப் பார்த்தேன்.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன? வராமல் இருந்திருந்தால் இன்னொரு கடிதம் அனுப்பியிருப்போம். அதற்கும் வராவிட்டால் கோப்பு மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளருக்குப் போயிருக்கும். வாகனத் தொழிலுக்கான நடத்தை விதி 2014இல் அரசிதழில் வந்ததிலிருந்து, எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இல்லாத காரேஜ்காரரும் அதற்குள் அடக்கம். குறைதீர்ப்பாளர் பரிந்துரை செய்யலாம், வலுக்கட்டாயமாக வசூலிக்க முடியாது. அங்கேயும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் ஆணையம், அதற்கு மேல் தீர்ப்பாயம். தீர்ப்பாயம் ஆண்டு மொத்த விற்பனை வரவில் பத்து சதவீதமோ பத்து லட்சம் ராண்டோ, எது பெரியதோ அதுவரை அபராதம் போடலாம். காகிதத்தில் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஒரு டாஸ் காரின் ஹெட்டுக்காக அந்த ஏணியின் உச்சிவரை போன கோப்பு எதையும் நான் பார்த்ததில்லை. ஆன்ட்டி சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். 2019இல் அதன் வரம்பு 20,000 ராண்டாக உயர்ந்தது, வக்கீலும் வேண்டாம். ஆனால் கார் மெக்கானிக்கின் காரேஜிலேயே நின்றிருக்கும், மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோய் விடுவது?

ஆக உண்மையான பதில்: பல மாதங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவேளை ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம்.

இதை எப்படி அவரிடம் சொல்வது? சொன்னால் அடுத்த வாரமே சாட்ஸ்வொர்த் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார் என்னோடு வேலை செய்கிற மூத்தவர். அரசாங்கக் கடிதத்தின் பாதி பலம் அதன் முத்திரையில் இருக்கிறது, அதை நாமே அழிக்கக் கூடாது என்பது அவர் வாதம். எனக்கு அதில் நம்பிக்கை பாதிதான். கடிதத்தைக் கண்டுகொள்ளத் தேவையில்லை என்பது தெரிய வேண்டியவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் என் மேசையில் இன்னொரு கோப்பும் இருந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கேள்வி ஏன் இப்படிக் குத்துகிறது என்று புரியாது. பெரிய கார் விற்பனை நிறுவனம் ஒன்று. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவருக்குச் சில வாரங்களிலேயே கியர்பாக்ஸ் போய்விட்டது. 56ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பது வாங்கியவர் விருப்பம். நிறுவனம் வரவில்லை, அதன் வக்கீலின் கடிதம் வந்தது: ஓட்டியவர் தவறாகப் பயன்படுத்திவிட்டார் என்று. பேச்சுவார்த்தைக்குத் தேதி கொடுத்தால் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு கடிதம், மறுபடி தேதி, மறுபடி கடிதம். கடைசியில் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பினோம். அவர்கள் சட்டத்தை மீறவில்லை, தள்ளிவைக்கக் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் அதே மாதத்தில், வாடகை பிக்கப் வண்டியில் ஏறி, சட்டையில் ஆயில் கறையோடு, சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு முதல் தேதியிலேயே வந்து உட்கார்ந்தவர் இவர். சட்டத்தின் முழு எடையும் இவர்மேல்தான் விழுந்தது. வந்ததால் விழுந்தது.

இப்படி எழுதும்போதே எனக்குள் ஒரு குரல் மறுக்கிறது. எடை எங்கே விழுந்தது? கறாராகப் பார்த்தால் அந்த மனிதருக்கு 4,500க்கு மேல் ஒரு சென்ட்கூடக் கிடைத்திருக்கக் கூடாது. 7,000 என்பது இரண்டு பேரையும் பேசவைத்து வந்த தொகை. நான் அவருக்குச் செய்தது சலுகை.

சரி, அப்படியானால் ஆன்ட்டிக்கு? சட்டம் அவருக்குக் கொடுத்ததில் 2,500 ராண்டை அந்த அறையில் அவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். உங்களுக்கு இந்த உரிமை இருக்கிறது என்று நான் சொன்னேன், கோப்பில் பதிவும் இருக்கிறது. "பரவால்லம்மா, அவனும் வேலை செஞ்சிருக்கான்ல" என்று அவரேதான் சொன்னார். சமரசம் என்றால் இதுதானே. ஆனால் கார் அவன் காரேஜில் இருக்கிற ஒருவரின் 'பரவாயில்லை'யை எவ்வளவு தூரம் நம்புவது?

2021 ஜூலையில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் நடைமுறைக்கு வந்தபோது, உத்தரவாதம் உள்ள புதுக் கார்களையும் வெளி ஒர்க்ஷாப்புகளில் சர்வீஸ் செய்யலாம் என்று சின்னக் கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஜாப் கார்டு, எழுத்தில் கொட்டேஷன், பழைய பாகத்துக்கு ஒரு பெட்டி என்று பழகிக்கொண்டால் அவர்களும் பெரிய கடைக்காரர்களோடு நிற்கலாம் என்று போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தை நாங்கள் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம்? புகார் வந்து, கடிதம் போய், வந்து உட்கார்கிறவர்களுக்கு மட்டும். எங்கள் வேலை கடை கடையாகப் போய்ப் பார்ப்பது அல்ல. புகார் வராத கடையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்காமல், பாகத்தைத் திருப்பாமல், 'கொஞ்சம் கூட ஆகும்' என்றே பிழைப்பை ஓட்டுகிற ஒருவருக்கு நாங்கள் இருக்கிறோம் என்பதே தெரியாமல் இருக்கலாம்.

"வராம இருந்திருந்தா கேஸ் மேல போயிருக்கும் அண்ணே, உங்களுக்கு இன்னும் சிரமம்" என்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அதில் பொய் இல்லை. ஆனால் எந்த மாதத்தில், எந்த வருடத்தில் என்று அவர் கேட்டிருந்தால்? கேட்கக்கூடியவர்தான்.

பல வாரம் கழித்து ஆன்ட்டி போன் செய்தார். கார் நன்றாக ஓடுகிறது, ஹெட்டில் பிரச்சினை இல்லை. இப்போது பிரேக் சத்தம் போடுகிறதாம். "அவன்கிட்டயே கொண்டு போனேன்மா. எடுக்க மாட்டேங்கிறான். பழைய வண்டிய இனிமே தொடுறதில்லையாம். இதுக்கு ஒரு புகார் போடலாமா?"

போட முடியாது என்று விளக்கினேன். பாகுபாடு காட்டி மறுத்தால் வேறு கதை. பழைய கார் வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது அவர் இஷ்டம். அப்படியென்றால் நல்ல மெக்கானிக் யாரையாவது சொல்லு என்றார். நாங்கள் யாரையும் சிபாரிசு செய்யக் கூடாது. அதையும் சொல்லிவிட்டு, யாரிடம் போனாலும் வேலைக்கு முன்னால் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஏற்கெனவே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டாராம். அந்த வயசு வண்டிக்கு எழுதியெல்லாம் தர முடியாது, வேணும்னா விட்டுட்டுப் போங்க ஆன்ட்டி, பாத்துச் சொல்றோம் என்றார்களாம். விட்டுவிட்டு வரலாமா என்று என்னைக் கேட்டார்.