பவர் பார்த்தால் கண்ணைப் பார்த்த மாதிரி ஆகிவிடுமா?

அம்மா நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டது ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை என்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தோம், இரண்டுமே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில். 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்' என்று போர்டு. தாடையை ஊன்றி நெற்றியை ஒட்டவைத்து உள்ளே பார்த்தால் நீளமாக ஒரு ரோடு, அதன் கோடியில் ஒரு பலூன், அது மங்கி மங்கித் தெளியும், அப்புறம் ஒரு சின்னச் சீட்டு அச்சாகி வரும். எழுத்து நன்றாகத் தெரிந்ததால் கண்ணைக் காட்டியாகிவிட்டது என்றே நம்பினோம்.

கிளாக்கோமா, கண் நரம்பு கெட்டு ஓரப் பார்வை மெல்ல மெல்லப் போகும் நோய். கண் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் போகும் முன்பே கண்டுபிடித்தது அங்கிருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பெண்தான், அதாவது டாக்டர் இல்லை, கண் பரிசோதனைக்கென்றே படித்தவர். கண்ணுக்குள் இருக்கும் பிரஷரைப் பார்த்தார், பிறகு வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். புள்ளி வந்துகொண்டே இருந்தது, அம்மாவின் விரல் பாதி நேரம் அசையவில்லை. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

அந்தப் பெண் நான்கு வருடம் படித்தவர், அதில் ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி. கடையில் பவர் பார்த்தவர் என்ன படித்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தோன்றவும் இல்லை. சென்னையில் ஆப்டோமெட்ரிக்கென்று கல்லூரி 1985லேயே வந்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி துணை மருத்துவப் படிப்பு படித்தவர்களைப் பதிவு செய்ய நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 2021ல்தான். அதில் ஆப்டோமெட்ரிஸ்டும் உண்டு, மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், பதிவேடு எல்லாம் உண்டு. பட்டப் படிப்பு குறைந்தது 3,600 மணி நேரம் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சரி, சட்டம் வந்ததே என்று பார்த்தால் மாநிலங்கள் அசையவில்லை, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு வைக்கும் நிலை வந்தது.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் 1901லேயே ஆப்டோமெட்ரிஸ்டுக்கு லைசென்ஸ் சட்டம் போட்டது, 1924க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. மேற்கு வர்ஜீனியா 1976ல் மருந்து எழுத அனுமதித்தது, ஓக்லஹோமா 1998ல் கண்ணில் லேசர் சிகிச்சைக்கே அனுமதி கொடுத்தது. டாக்டர்கள் சங்கம் எதிர்க்க, அந்தச் சண்டை ஒவ்வொரு மாநிலமாக இன்னும் நடக்கிறது. லேசர் விஷயத்தில் நான் டாக்டர்கள் பக்கம்தான். ஆனால் நாம் அந்தச் சண்டைக்கே இன்னும் வரவில்லை, நம் ஊரில் கேள்வி அதைவிட அடிப்படையானது: கண்ணைப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருப்பவர் யார்?

பவர் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் பதிவு எண்ணைச் சுவரில் மாட்ட வேண்டும். நாற்பது தாண்டியவர் வந்தால் பிரஷர் பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அனுப்புவதும் கடமை என்று விதியிலேயே எழுத வேண்டும். இது நல்ல மனசுள்ள கடைக்காரரை நம்பி விடுகிற விஷயம் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் அதே கடைக்குக் கிளம்பினார். நான் வண்டியை எடுத்து கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.