பரிசல் பழகியவர்கள் பாய்மரப் படகில் ஏறும்போது

தருமபுரியில் சூரியன் மறையும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தமானில் சூரியன் மறைவதைப் பார்க்கும் மாலைப் பாய்மரப் படகுக்குக் கிளம்பினால், படகுத்துறை போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். ஹேவ்லாக் என்று நாம் சொல்லும் ஸ்வராஜ் தீவும் நம் ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 12 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. ஆனால் தீவு நமக்குக் கிழக்கே சுமார் 15 டிகிரி தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம், ஆக ஒரு மணி நேரம். கடிகாரம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. டிசம்பர் கடைசியில் இங்கே 6 மணிக்கு மறைகிற சூரியன் அங்கே 5 மணிக்கே போய்விடும். மார்ச் கடைசியில் ஐந்தரைக்கு. எனவே டிசம்பர் பயணம் என்றால் மூன்றரைக்குள் படகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது, படகு எந்தப் பக்கம் போகும் என்பது. அந்தத் தீவில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், 3ஆம், 5ஆம் எண் கடற்கரைகளை ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து புறப்பட்டு அந்தப் பக்கமே சுற்றினால் சூரியன் தீவின் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். மேற்கு வானம் தெரிகிற இடம் வரை போவார்களா என்று தெளிவாகக் கேளுங்கள். பாயை ஏற்றுவார்களா, முழுக்க இன்ஜின்தானா என்பதையும் கேளுங்கள். 'சன்செட் குரூஸ்' என்ற பெயரில் சாதாரண மோட்டார் படகும் ஓடும். குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா, வானிலை கெட்டால் பணம் திரும்புமா என்பவையும் முக்கியம்.

இனி படகு. ஒகேனக்கல் பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் கிடையாது. அடியில் கனமும் கிடையாது. நாம் உட்கார்ந்திருக்கும் விதம்தான் அதன் சமநிலை. அதனால்தான் ஒருவர் எழுந்தாலும் பரிசல்காரர் அதட்டுகிறார். ஒற்றை உடல் கொண்ட பாய்மரப் படகு நேர் எதிர். அதன் அடியில் துடுப்புப் போல ஒரு தகடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். ஈயமோ இரும்போ வைத்த அந்த அடிப்பாரம் படகின் மொத்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரும். காற்று பாயைத் தள்ளும்போது படகு 15, 20 டிகிரி சாயும். சாயச் சாய அடிப்பாரம் மறுபக்கம் இழுத்து நிமிர்த்தப் பார்க்கும். சாய்வது அதன் இயல்பு, கவிழப்போகிறது என்று அர்த்தமில்லை. நம் ஊர்க்காரர்கள் பதறி எழுவது இந்த நேரத்தில்தான், அடிபடுவதும் அப்போதுதான். வயதானவர்கள் கூட வந்தால் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகைத் தேர்ந்தெடுப்பது நல்லது; அது மிகக் கொஞ்சம்தான் சாயும். அந்தப் பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. சுமார் 45 டிகிரி ஒதுங்கி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேறும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பெரிய பாயின் அடியில் இருக்கும் நீளமான கம்பு, 'பூம்' என்பார்கள், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி வரும். படகோட்டி குரல் கொடுத்ததும் தலையைக் குனியுங்கள், செல்ஃபி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கயிறு ஓடும் இடத்தில் கை, கால் வைக்கக் கூடாது. கொலுசு, துப்பட்டா, புடவை முந்தானை எல்லாம் கயிற்றில் மாட்டும். சுடிதார் போட்டு, துப்பட்டாவை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள்.

வேகம் 5, 6 நாட், அதாவது மணிக்கு 9 முதல் 11 கிலோமீட்டர். நிதானமாக மிதிக்கும் சைக்கிள் வேகம்தான். இரண்டு மணி நேரத்தில் நிறைய இடம் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

குமட்டலுக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இல்லை. தூக்கமும் வரும். குழந்தைகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது; இரண்டு இட்லி போதும். படகின் நடுப்பகுதியில், வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். உள்ளறைக்குள் போய்ப் படுத்தால் குமட்டல் கூடும். வாந்தி வந்தே தீரும் என்றால் காற்று போகிற பக்கம் குனியுங்கள். எதிர்ப்பக்கம் குனிந்தால் எல்லோர் மேலும் தெறிக்கும்.

சூரியனின் விளிம்பு கடலைத் தொட்டது முதல் முழுதும் மறையும் வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கைபேசித் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் நிறம் வெளுக்காது. லென்ஸில் உப்புப் படிந்திருக்கும், முதலில் துடையுங்கள். சூரியன் மறைந்ததும் எல்லோரும் கைபேசியை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அடுத்த இருபது நிமிடம்தான் மேகம் அடியிலிருந்து சிவந்து, செம்பாகி, ஊதாவாகும். அதற்குமேல் சட்டென்று இருட்டிவிடும், வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. காற்றே இல்லாமல் பாய் தொங்கும் நாளும் வரும், அப்போது இன்ஜின் போடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் தீவுகளுக்கு இடையிலான கப்பலே நிற்கும். ஆகவே இந்தப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். தீவில் இறங்கிய மறுநாளே போய்விடுங்கள். ஒரு நாள் ரத்தானாலும் அடுத்த மாலை கையில் இருக்கும். ஊர் திரும்ப பெங்களூரு விமானத்தைப் பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவே ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர் வந்து தங்கிவிடுங்கள்.