மஸ்டாங்குக்கு முன்பக்க டிஸ்க் போட்டாச்சு

நம்மிடம் இருப்பது 1965 ஃபோர்டு மஸ்டாங் கார், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். போன மாதம் கலிஃபோர்னியாவின் ஹைவே 17 மலைச்சாலையில் லாஸ் கேட்டோஸ் ஊர்ப்பக்கம் இறங்கும்போது எவ்வளவு மிதித்தும் வண்டி சரியாகப் பிடிக்கவில்லை. தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரியும், அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் பிடியும் குறையும். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது) போடுவதென்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

டிஸ்க்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான். பழையதில் ஆயிலுக்கு ஒரே அறை. ஒரு பைப் விட்டால் நாலு சக்கரமும் போச்சு. மஸ்டாங்கில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக இரட்டை அறை வந்ததே 1967 மாடலில்தான். டிஸ்க்குக்குக் காசு இல்லையென்றாலும் இதை மட்டுமாவது மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

அப்புறம் பின் டிரம்முக்குப் போகும் ஆயில் லைனில், அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு ப்ரொபோர்ஷனிங் வால்வு. இல்லாவிட்டால் சடன் பிரேக்கில் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும்.

பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, மகள்தான் பெடல் மிதித்தாள். “மிதிச்சாச்சுப்பா!” சக்கரத்தருகே ஆயிலை வடிக்கும் நிப்பிளைத் திறந்தால் முதலில் கறுப்பாக, குமிழ் குமிழாக வந்தது. கடைசியில் குமிழே இல்லாமல் வெளிர்த் தேன் நிறத்தில் ஆயில் இறங்கியது. பெடல் இப்போது கல்லு மாதிரி நிற்கிறது.