வீராணம் ஏரிக்கரையில்

நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை, அணைக்கரை வழியாகக் காரிலேயே வீராணம் வந்தாச்சு. கடலோரத்திலேயே வளர்ந்தவனுக்கு இவ்வளவு தண்ணீர் உப்பில்லாமல் கிடப்பதே பெரிய ஆச்சரியம். லால்பேட்டை பக்கம் இறங்கி முகம் கழுவினேன், பிசுபிசுப்பே இல்லை! எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிகிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி. கீழணையில் கொள்ளிடத்துத் தண்ணீரைத் திருப்பி வடவாறு வழியாகக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். முழு மட்டம் 47.5 அடி. வயலுக்கும் பாய்கிறது, குழாய் வழியே சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது.

ஆயிரம் வருசமாகச் சோறு போடும் ஏரியில் பிளாஸ்டிக் பை மிதப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. கரையில் சாப்பிடுபவர்கள் தயவுசெய்து குப்பையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்து மதுராந்தகம் ஏரி. அந்தப் பக்கத்து நண்பர்களே, இப்போது தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது?