‘சேர்ந்து’ என்ற சொல்லில் கவனம் வையுங்கள்: என் வைவா அனுபவம்

வேலூரில் எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் படித்தபோது செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு: விண்வெளிக் கதிர்வீச்சும் எடையின்மையும் சேர்ந்து மனித செல்களை என்ன செய்கின்றன? செமினார் சரியாகப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே தலைப்பில் வந்த வைவா (வாய்மொழித் தேர்வு) நன்றாகப் போனது. இதே தலைப்பைத் தொடப்போகிற தம்பி தங்கைகளுக்கு நடுவில் நான் படித்த விதம் உதவும்.

செமினாரில் என் முதல் வரியே தப்பு. “விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு கிடையாது” என்று ஆரம்பித்தேன். மேடம் அங்கேயே நிறுத்தினார். நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். அங்கே பூமியின் ஈர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக விழுந்தபடியே பூமியைச் சுற்றுவதால்தான் எடை தெரிவதில்லை. இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் கதிர்வீச்சு. அண்டக் கதிர்களில் பெரும்பகுதி புரோட்டான்கள், அடுத்தது ஹீலியம் அணுக்கருக்கள். இரும்பு போன்ற கனமான கருக்கள் நூற்றில் ஒன்று அளவுதான். ஆனால் அந்த ஒன்று செல்லுக்குள் போகிற வழி நெடுக, நெருக்க நெருக்கமாக டி.என்.ஏ.வை அறுத்துவிடும்.

இந்த அறுபடுதல் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் தறியில்தான் புரிந்தது. பாவில் ஒரு இழை அறுந்தால் அப்பா அதன் இரண்டு நுனியையும் தேடி எடுத்து, விரலில் திரித்துப் பிணைத்துவிடுவார். அரை நிமிஷ வேலை. பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து இழை ஒரே இடத்தில் அறுந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எந்த நுனி எதனுடையது என்று தெரியாது. மாற்றிப் பிணைத்துவிட்டால் கோடு கோணிப்போகும். டி.என்.ஏ.விலும் ஒரு இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் ஒரு குரோமோசோமின் (டி.என்.ஏ. சுருண்டு கட்டாக இருக்கும் அமைப்பு) அறுந்த நுனி இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. குரோமோசோம் பிறழ்ச்சி என்று படிக்கிறோமே, அதில் ஒரு வகை இதுதான். வைவாவில் இதைப் பலகையில் வரைந்தே காட்டினேன்.

சரி, எடையின்மை இதில் எங்கே வருகிறது? செல்லின் உள்சட்டகம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, மரபணுக்களின் செயல்பாடு எல்லாம் எடையின்மையில் மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். அறுந்ததைப் பிணைக்கும் வேலையும் அதனால் கெடுகிறதா என்பதுதான் நம் தலைப்பின் உயிர்நாடி. இங்கே ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலவற்றில் சேதம் கூடுகிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. நான் குழம்பி நின்றது இந்த இடத்தில்தான்.

குழப்பம் தீர்ந்தது ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்த பிறகு. தரையில் எடையின்மையைப் பாவனை செய்ய, செல்களைக் கிளினோஸ்டாட் என்ற கருவியில் சுழற்றுகிறார்கள். ஈர்ப்பின் திசை மாறிக்கொண்டே இருப்பதால் செல்லுக்கு மேல் கீழ் பிடிபடாது. ஆனால் பல சோதனைகளில் கதிர்வீச்சு கொடுக்கும்போது சுழற்சியை நிறுத்திவிடுவார்கள், அல்லது ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைச் செய்வார்கள். அப்படியானால் அது ‘அடுத்தடுத்து’ தானே தவிர ‘சேர்ந்து’ இல்லை! ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தில் சுழலும்போதே கதிர் பாய்ச்சும் அமைப்பை உருவாக்கினார்கள். அதை வைத்து மனித நார்செல்களில் (இணைப்புத் திசுவின் செல்கள்) செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. இரண்டும் ஒரே நேரத்தில் நேர்ந்த செல்களில் குரோமோசோம் பிறழ்ச்சி கூடுதலாக இருந்தது. அன்றிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் செய்முறைப் பகுதியைத்தான் முதலில் படிக்கிறேன்.

நாசாவின் இரட்டையர் ஆய்வைக் கட்டாயம் கேட்பார்கள். விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லியை, தரையில் இருந்த அவருடைய இரட்டைச் சகோதரரோடு ஒப்பிட்ட ஆய்வு அது. ஸ்காட் 340 நாள் விண்வெளி நிலையத்தில் இருந்தபோது அவருடைய டெலோமியர்கள் (குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் பகுதிகள்) நீண்டன, திரும்பியதும் சட்டென்று குறுகின. “காரணம் கதிர்வீச்சா, எடையின்மையா?” என்று கேட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடாதீர்கள். ஒரே மனிதருக்கு இரண்டும் ஒன்றாக நேர்ந்தன, அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

என்னிடம் கடைசியாக வந்த கேள்வி, “நீயே சோதனை செய்தால் செல் வளர்க்கும் தட்டு எத்தனை வைப்பாய்?” நான்கு என்றேன்: எதுவும் செய்யாதது, கதிர் மட்டும், சுழற்சி மட்டும், இரண்டும் ஒரே நேரத்தில். வெளித்தேர்வாளர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்து ஐந்தாவதையும் சொன்னேன்: அதே கருவியின் அடித்தளத்தில், சுழலாமல், மோட்டாரின் அதிர்வு மட்டும் படுகிற ஒரு தட்டு. அதற்குத்தான் தலையாட்டினார்.